வெப்பத்தை வாசிக்கும் உரிமை

மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெரு முடியும் இடத்தில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1760இல் எசக்கியேல் ரஹபி என்னும் வணிகர் எழுப்பியது அது. அதன் முகப்புகளில் உள்ள எண்கள் ஒரே எழுத்தில் அமைந்தவை அல்ல. ஒரு பக்கம் ரோமன் எண்கள், ஒரு பக்கம் ஹீப்ரு, ஒரு பக்கம் மலையாளம். அரண்மனைப் பக்கமிருந்து பார்ப்பவரும், தொழுகைக்கு வருபவரும், துறைமுகத்திலிருந்து சரக்கோடு வருபவரும் தத்தமக்குப் பழகிய எண்ணிலேயே நேரத்தைப் படித்துக்கொள்ள முடிந்தது. கருவி ஒன்று, அதன் அளவீடு ஊருக்குப் பொது.

அதே தெருவில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள் வேறு. மிளகு முன்பேர வணிகத்தின் குரல் ஏலம் கணினித் திரைக்கு மாறியது இத்தெருவில்தான். சுக்கும் ஏலமும் மஞ்சளும் அடுக்கப்பட்ட பண்டகசாலைகள் பல பழம்பொருள் கடைகளாகிவிட்டன. அவற்றின் கணக்கும் சரக்குப் பட்டியலும் கணினியில் இருக்கின்றன. 2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி முசிறிஸ் பினாலே நடக்கும் பருவங்களில், மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளுக்குள் ஒளிப்படக் கலைஞர்களின் கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் மாதக்கணக்கில் நாள்தோறும் இயங்குகின்றன. இந்தக் கணினி ஒவ்வொன்றுக்குள்ளும் வெப்பத்தை அளக்கும் உணரிகள் பல உள்ளன. அவற்றின் அளவீட்டை யார் படிக்கிறார்கள்? விசிறி எப்போது எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பெரும்பாலான கணினிகளைப் பொறுத்தவரை இரண்டுக்கும் விடை ஒன்றே: அதை உருவாக்கிய நிறுவனம், அது உருவான ஆண்டில், ஏதோ ஓர் ஆய்வகத்தில் எழுதி வைத்த அட்டவணை.

கணினியின் வெப்பத்தை வாசிப்பதும் விசிறியின் வேகத்தைத் தீர்மானிப்பதும் பழுதுபார்ப்பவரின் தனிக் கலை என்று கல்வியுலகம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த ஒதுக்கல் தவறு. கருவியை அறிந்துகொள்ளும் கல்வியின் முதற்பாடமாக அது இருக்கத் தகும். கருவியை வாங்கும் பொது நிறுவனங்கள் கேட்டுப் பெற வேண்டிய உரிமையும் அதுவே.

இடம் ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். மையச் செயலகத்தின் வெப்பநிலை என்பது ஏறத்தாழ, சுற்றுப்புற வெப்பநிலையோடு அது உண்ணும் மின்திறனையும் குளிர்விப்பானின் வெப்பத்தடையையும் பெருக்கி வரும் தொகையைக் கூட்டுவதாகும். 65 வாட் உண்ணும் செயலகத்துக்கு, வாட் ஒன்றுக்கு 0.6 பாகை என்னும் வெப்பத்தடை கொண்ட குளிர்விப்பான் இருப்பதாகக் கொள்வோம். பெருக்குத்தொகை 39 பாகை. குளிரூட்டப்பட்ட 22 பாகை அறையில் செயலகம் 61 பாகையில் நிற்கும். ஏப்ரல் மாத நண்பகலில் 33 பாகை இருக்கும் மட்டாஞ்சேரிக் கிடங்கில் அதே செயலகம், அதே வேலைக்கு, 72 பாகையைத் தொடும். காற்றோட்டமில்லாத மர அலமாரிக்குள் அடைத்து வைத்தால் இன்னும் ஏறும். உப்புக் காற்றும் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து குளிர்விப்பானின் இதழ்களில் படிந்தால் வெப்பத்தடை என்னும் எண்ணே ஆண்டுதோறும் கூடிக்கொண்டு போகும். தொழிற்சாலை அட்டவணை இவற்றில் எதையும் அறியாது.

வேகமாகச் சுழல வைத்துவிட்டால் தீர்ந்தது என்பதற்கும் இல்லை. விசிறியின் வேகம் இரு மடங்கானால் அது உண்ணும் திறன் ஏறத்தாழ எட்டு மடங்காகும், ஓசையும் மிகும், உள்ளே இழுக்கப்படும் தூசியும் மிகும். கலைக்கூடத்தில் ஓசை குறைய வேண்டும். பண்டகசாலையில் தூசி குறைய வேண்டும். இரவெல்லாம் ஓலைச்சுவடிப் படிமங்களைப் பதிந்து வைக்கும் கணினியில் வன்தட்டு குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இவற்றுள் எது முதன்மை என்று தெரிந்தவர் அந்த இடத்தில் இருப்பவரே.

இங்கேதான் லினக்ஸ் ஒரு வேறுபாட்டைக் கொண்டு வந்தது. 1998இல் ஃப்ரோடோ லோயார்ட், பிலிப் எடல்பிராக் ஆகியோர் தொடங்கிய எல்எம்-சென்சார்ஸ் திட்டம், தாய்ப்பலகையில் இருக்கும் கண்காணிப்புச் சில்லுகளை இயங்குதளம் படிக்க வழி செய்தது. பெயரில் உள்ள எல்எம், நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்78 போன்ற சில்லுகளிலிருந்து வந்தது. பின்னர் அந்த இயக்கிகள் கர்னலுக்குள்ளேயே இடம்பெற்றன. இன்று லினக்ஸ் கணினியின் சிஸ் அடைவில் எச்டபிள்யூமான் என்னும் உள்ளடைவைத் திறந்தால், ஒவ்வோர் உணரியும் ஓர் எளிய உரைக்கோப்பாகக் கிடைக்கிறது. கோப்பில் 47000 என்று இருந்தால் 47 பாகை என்று பொருள். பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கே அலகு. விசிறியின் கோப்பில் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற எண் இருக்கும். அதற்கு அருகே 0 முதல் 255 வரை ஏற்கும் இன்னொரு கோப்பு உண்டு. உரிய அனுமதியுடன் அதில் எண்ணை எழுதினால் விசிறியின் வேகம் மாறும். 2020இல் வெளிவந்த 5.6 பதிப்பிலிருந்து சாட்டா வன்தட்டுகளின் வெப்பநிலையும் இதே முறையில் கிடைக்கிறது. தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கோப்பைப் படிக்கத் தெரிந்த எந்த மாணவரும், எந்த மொழியில் நிரல் எழுதுபவரும், வெப்பத்தைப் படிக்கலாம். மணிக்கூண்டின் பொதுமைக்கு இது மிக நெருங்கியது.

ஆயினும் எண் கிடைத்துவிட்டதாலேயே அறிவு கிடைத்துவிடுவதில்லை. இன்டெல் செயலகங்களின் உணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை பாகை தொலைவு இருக்கிறது என்பதையே சொல்கிறது. கர்னல் அந்த வரம்பிலிருந்து கழித்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வரம்பு எதுவென நிறுவனம் வெளிப்படையாகச் சொல்லாத தொடக்க ஆண்டுகளில், இயக்கியை எழுதியவர்கள் அதை ஊகிக்க வேண்டியிருந்தது. 2017இல் வெளிவந்த ஏஎம்டி ரைசன் வரிசையில் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்ற சில மாதிரிகள் விசிறிக் கட்டுப்பாட்டுக்காக உண்மை வெப்பத்தை விட 20 பாகை கூட்டியே அறிவித்தன. அது தெரியாதவர் குளிர்விப்பான் பழுது என்று எண்ணியிருப்பார். தாய்ப்பலகையில் எந்த உணரியும் இணைக்கப்படாத முனை 127 பாகை என்றோ உறைநிலைக்கு மிகக் கீழே என்றோ காட்டுவதும் உண்டு. அளவீடு என்பது எண்ணும் அந்த எண்ணின் வரலாறும் சேர்ந்தது. ஆய்வு மாணவர்களுக்கு இதைவிடக் கைக்கெட்டிய பாடம் வேறில்லை.

விசிறியை ஆளும் நிலைக்கு வந்தாலும் இதே நுணுக்கம் வேண்டும். எல்எம்-சென்சார்ஸ் தொகுப்போடு வரும் ஃபேன்கன்ட்ரோல் என்னும் சிறு நிரல், சில நொடிகளுக்கு ஒருமுறை ஓர் உணரியைப் படித்து, அதற்கேற்ப விசிறிக்கான எண்ணை எழுதுகிறது. அதன் அமைவுக்கோப்பு நான்கைந்து எண்களையே கேட்கும்: எந்த வெப்பநிலையில் வேகத்தைக் கூட்டத் தொடங்குவது, எதில் முழு வேகம், நின்ற விசிறியைச் சுழலத் தொடங்க வைக்கும் அளவு எது, சுழலும் விசிறி நின்றுவிடாத குறைந்த அளவு எது. கடைசி இரண்டும் ஒன்றல்ல. நிலை உராய்வைக் கடந்து அசைய வைப்பதற்கு, ஓடுவதை ஓடவைப்பதைவிடக் கூடுதல் விசை தேவை என்ற பள்ளி இயற்பியலே அங்கு இரண்டு தனி எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த விசிறியை எந்த உணரியோடு இணைப்பது என்பதும் அமைப்பவர் கையில் இருக்கிறது. சுவடிப் படிமங்களைப் படியெடுக்கும் இரவில் செயலகம் ஓய்ந்திருக்க வன்தட்டு சூடாகும். செயலகத்தை மட்டுமே கவனிக்கும் அட்டவணை விசிறியைத் தாழ்த்தியே வைத்திருக்கும். வன்தட்டின் உணரிக்கு உறைவிசிறியை இணைத்தால் அக்குறை தீரும்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை புறந்தள்ளத்தக்கவை அல்ல. முதலாவது: தொழிற்சாலை அமைப்பே பெரும்பாலோருக்குப் போதும். உண்மை. மாற்ற முடிவதும் மாற்றியே ஆக வேண்டுவதும் வேறு வேறு. எவரும் தொடாமலே விட்டாலும், படித்துப் பார்க்க முடிவது பயனுள்ளதே.

இரண்டாவது: தவறான கையில் இது ஆபத்து. இதுவும் ஓரளவு உண்மை. ஆனால் இக்காலச் செயலகங்கள் வரம்பை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதையும் மீறினால் எந்த மென்பொருளையும் கேளாமல் மின்னை அறுத்துக்கொள்கின்றன. திங்க்பேட் மடிக்கணினிகளுக்கான இயக்கியில், குறித்த நொடிகளுக்குள் கட்டளை எதுவும் வராவிட்டால் விசிறியைப் பாதுகாப்பான நிலைக்குத் திருப்பும் காவல் ஏற்பாடு உண்டு. கணினியை மறுதொடக்கம் செய்யும்போது உணரி அடைவுகளின் வரிசை எண்கள் மாறிப்போகலாம் என்பதால், பதிந்து வைத்த சில்லின் பெயர் ஒத்துப்போகாவிட்டால் ஃபேன்கன்ட்ரோல் இயங்க மறுத்துவிடும். உணரியே இல்லாத மின்வழங்கு பகுதிகளுக்கும் வன்தட்டுகளுக்கும் செயலகத்தைப் போன்ற தற்காப்பு இல்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அதனால்தான் குறைந்த அளவை ஒருபோதும் சுழியத்தில் வைக்கலாகாது என்று கற்பிக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து இருப்பது கற்பிக்காமல் விடுவதற்கான காரணமாகாது. வேதியியல் ஆய்வகத்தை எவரும் அப்படிப் பூட்டி வைப்பதில்லை.

மூன்றாவது எதிர்வாதம் வரலாற்றிலிருந்து வருகிறது. அதுவே மிகக் கனமானது. 2000களின் தொடக்கத்தில், எல்எம்-சென்சார்ஸ் கருவி சில்லுகளைத் தேடித் துழாவியபோது, ஐபிஎம் திங்க்பேட் மாதிரிகள் சிலவற்றில் இருந்த ஒரு நினைவகச் சில்லின் உள்ளடக்கம் சிதைந்து, அக்கணினிகள் தொடங்கவே முடியாமற் போயின. திட்டத்தினர் அதை மறைக்கவில்லை. எச்சரிக்கையை எழுதி வைத்து, அத்தகைய கணினிகளில் கருவி இயங்க மறுக்கும்படி செய்தனர். துழாவுவதே கூடாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நிகழ்ச்சி உண்மையில் காட்டுவது வேறொன்று. எந்தக் கணினியில், எந்த முகவரியில், எந்தச் சில்லு இருக்கிறது என்று சொல்லும் ஆவணம் பொதுவெளியில் இல்லாதபோதுதான் இருட்டில் கைவிட்டுத் துழாவ வேண்டி வருகிறது. வழிகாட்டி இல்லாத கிடங்கில் விளக்கின்றி நடப்பவர் எதையாவது உடைத்தால், நடந்தவரை மட்டும் குறை கூறுவது முறையாகாது.

இந்தக் குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. கண்காணிப்புச் சில்லுகள் சிலவற்றுக்கு முழு ஆவணம் கிடைக்கிறது, பலவற்றுக்குக் கிடைப்பதில்லை. சில்லின் ஆவணம் கிடைத்தாலும், அதன் எந்த முனை எந்த உணரியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பது தாய்ப்பலகையைச் செய்தவருக்கு மட்டுமே தெரியும். மடிக்கணினிகளில் விசிறி தனியொரு கட்டுப்பாட்டுச் சில்லின் ஆளுகையில் இருக்கிறது. அதனோடு பேசும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கர்னலில் இருக்கும் இயக்கிகள் பலவும் தன்னார்வலர்கள் பல மாதங்கள் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டறிந்தவை. மென்பொருளின் மூலநிரல் திறந்திருக்கிறது. அது ஆளும் கருவியின் கதவு பாதி மூடியிருக்கிறது. பதிவகங்களின் பட்டியலை வெளியிடுவதால் எந்தச் சில்லின் வடிவமைப்பு மறையும் களவு போவதில்லை. கடிகாரத்தின் உள்ளியந்திரத்தை எவரும் கேட்கவில்லை. முகப்பில் எண்களைப் பொறித்துக் கொடுங்கள் என்பதே கோரிக்கை.

இதைக் கேட்கும் தகுதி கேரளத்துக்கு மிகுதியாக உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அம்மாநிலத்தின் பொதுப்பள்ளிகள் தகவல் தொழில்நுட்பப் பாடத்தை லினக்ஸில் கற்பித்து வருகின்றன. கைட் நிறுவனத்தின் உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தில் ஏறத்தாழ 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிவீழ்த்திகளும் சென்றன. தமிழ்நாட்டிலும் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மாணவர் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தனை பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் விலையை மட்டும் பேசுவது வலிமையை வீணாக்குவதாகும். வெப்ப உணரிகளையும் விசிறியையும் கர்னலின் பொது இடைமுகம் வழியே படிக்க இயல வேண்டும், அதற்கான ஆவணம் வெளியிடப்பட்டிருக்க வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்கலாம்.

இரண்டாவது கோரிக்கை பாடத்திட்டம் பற்றியது. பதினோராம் வகுப்பில் நியூட்டனின் குளிர்தல் விதி கற்பிக்கப்படுகிறது. சுடுநீரும் வெப்பநிலைமானியும் கொண்டு செய்யும் அச்சோதனையை, கணினியே தன்மீது செய்துகொள்ளும். சில நிமிடம் கடும் வேலை கொடுத்து, பின் வேலையை நிறுத்தி, நொடிக்கொரு முறை வெப்பநிலைக் கோப்பைப் படித்து வரைபடமாக்கினால், முதலில் ஒரு செங்குத்தான சரிவும் பிறகு ஒரு மெல்லிய சரிவும் தெரியும். முதலாவது, சில்லின் வெப்பம் குளிர்விப்பானுக்கு நொடியில் பரவுவது. இரண்டாவது, குளிர்விப்பான் காற்றுக்கு மெதுவாகக் கொடுப்பது. இரண்டாம் பகுதியே பாடநூலின் அடுக்குக்குறி வளைவுக்கு நெருங்கி வரும். விசிறி தானாக வேகம் மாறினால் அவ்வளைவு கலைந்துவிடும். ஒரே வேகத்தில் நிறுத்தினால்தான் விதி தெளிவாகத் தெரியும். படிக்கும் உரிமையும் ஆளும் உரிமையும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்பதை இச்சோதனை எந்த முழக்கமும் இல்லாமல் காட்டிவிடும்.

மூன்றாவது, ஆய்வாளர்களுக்கே உரியது. சூடேறிய செயலகம் தன் வேகத்தைச் சத்தமின்றிக் குறைத்துக்கொள்கிறது. விடை மாறாது, எடுத்துக்கொள்ளும் நேரம் மாறும். இரண்டு வழிமுறைகளில் எது விரைவானது என்று ஒப்பிடும் ஆய்வேட்டில், ஒன்று விடியலிலும் மற்றொன்று நண்பகலிலும் ஓட்டப்பட்டிருந்தால், அட்டவணையில் இருப்பது வழிமுறைகளின் வேறுபாடா வெயிலின் வேறுபாடா என்று எவராலும் சொல்ல இயலாது. செயலகத்தின் பெயரையும் நினைவகத்தின் அளவையும் தவறாமல் குறிப்பிடும் ஆய்வேடுகள், சோதனையின்போது இருந்த வெப்பநிலையையும் குறிப்பிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு கோப்பை அவ்வப்போது படித்துப் பதியும் ஐந்தாறு வரி நிரல்.

இவை அனைத்தையும் விட அன்றாடமானது ஒன்று உண்டு. மெதுவாகிவிட்டது, பழையதாகிவிட்டது என்று கழித்துக் கட்டப்படும் கணினிகளுள் சில, இதழ்களில் தூசி அடைத்து வெப்பத்தால் வேகம் குறைந்தவையாக இருக்கக்கூடும். அந்த எண்ணை ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால், புதிய கணினிக்கான விலை ஒரு தூரிகையோடும் வெப்பக் களிம்போடும் முடிந்திருக்கும். ஜூ டவுன் போன்ற ஈரக்காற்றுத் தெருவில் கடையோ நூலகமோ நடத்துபவருக்கு இது சிறு தொகை அன்று. கல்லூரிகள் அடுத்த பருவத்துக்கான செய்முறைப் பட்டியலைத் தயாரிக்கும்போது, வெப்பநிலையைப் பதிந்து வரைபடமாக்கும் அந்த ஒரு மணி நேரச் சோதனையைச் சேர்த்துத் தொடங்கலாம். மின்சாரமும் லினக்ஸும் ஏற்கெனவே இருக்கும் ஆய்வகத்தில் அதற்கென்று புதிதாக வாங்க வேண்டியது எதுவுமில்லை.